தறி நின்ற பின் கேட்கும் ஓசை
(கே.ஜி.கண்டிகையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இக்கூட்டத்தை ஏற்பாடு செய்த அன்பர்கள் மூன்று மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தபோது, பக்தி விஷயமாகவோ இலக்கிய விஷயமாகவோ ஏதேனும் பேசும்படிதான் முதலில் கேட்டார்கள். காது, மூக்கு, தொண்டை வைத்தியத்திலேயே ஆயுளைக் கழித்துவிட்ட ஒருவனுக்கு அவ்விரண்டிலும் பேசத் தகுதி ஏது என்று நான் தயங்கியதைக் கண்டு, அவர்களுள் ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய நெசவாளர், சற்றே கூச்சத்துடன், “அப்படியானா, என் காதைப் பத்தியே பேசிடுங்களேன் ஐயா” என்றார். இரண்டு காதுகளிலும் சில்வண்டு கத்துவதைப் போல ஓர் ஓசை அவருக்குக் கேட்கிறதாம். மூன்று இடங்களில் காட்டியாயிற்றாம். மூன்று இடங்களிலும் “ஒன்றுமில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். “ஒண்ணுமே இல்லாதது எப்படி ஐயா இவ்வளவு சத்தம் போடும்?” என்று அவர் கேட்டார். இதைவிடக் கூர்மையான கேள்வியை எந்த வைத்திய மகாநாட்டிலும் நான் செவியுற்றதில்லை. இன்றைய பேச்சு அக்கேள்விக்கு நான் சொல்ல முயலும் விடையே. அவர் இங்கே மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார்; தம்மைப் பற்றிப் பேச அனுமதியும் தந்திருக்கிறார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். நோயின் இரகசியத்தில் பாதி அதில் அடங்கியிருந்தது என்பதை அப்போது அவரே அறியார். தறிகள் ஓடிக்கொண்டிருக்கும் வரையில் அந்தச் சில்வண்டு கேட்பதில்லையாம். கரண்டு போய், கொட்டகையிலுள்ள விசைத்தறிகள் அத்தனையும் ஒரே கணத்தில் நின்று, மற்றவர்களெல்லாம் அப்பாடா என்று மூச்சு விடுகிற அந்த நிசப்தத்தில்தான், யாரோ தமக்காகவே காத்திருந்து தொடங்குவதைப் போல, அது தொடங்குமாம். பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு என்று தறியையே நம்பி வாழும் ஊர்கள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில், இதைக் கேட்டுத் தலையசைப்பவர்கள் இந்தச் சபையிலேயே இன்னும் சிலர் இருப்பதைக் காண்கிறேன்.

நோய் புதிதன்று, பெயரும் புதிதன்று. நம் பாட்டிமார் காதிரைச்சல் என்றார்கள். ஆந்திர எல்லைக்கு அப்பால் தெலுங்கு பேசும் நம் உறவினர் செவியில் ‘ஹோரு’ என்கிறார்கள், அதாவது காற்றும் கடலும் இரைகிற இரைச்சல். ஆங்கில வைத்தியர் வழங்கும் டின்னிடஸ் என்ற சொல்லும் மணி ஒலிப்பதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததுதான். சுசுருத ஸம்ஹிதை செவிநோய்கள் இருபத்தெட்டு என்று வகுத்து, அவற்றுள் கர்ணநாதம் என்றும் கர்ணக்ஷ்வேடம் என்றும் இரண்டை இதற்கென்றே ஒதுக்கிற்று; முன்னதில் பேரிகையும் மிருதங்கமும் சங்கும் ஒலிப்பதைப் போலவும், பின்னதில் வேய்ங்குழல் ஊதுவதைப் போலவும் நோயாளிக்குக் கேட்கும் என்று ஆயுர்வேத ஆசிரியர்கள் பிரித்தறிந்தார்கள். கனத்த ஓசை, மெல்லிய கூர்மையான ஓசை என்ற அந்தப் பாகுபாட்டை இன்றும் நாங்கள் நோயாளியிடம் கேட்கிறோம். வாயு சப்தத்தைச் சுமக்கும் பாதையில் புகுந்துவிடுவதே காரணம் என்று அவர்கள் கொண்டதை இன்றைய உடற்கூற்று நூல் ஏற்காது. ஆயினும் வெளியே ஓசையே இல்லை, உள்ளே ஓசையின் பாதையில்தான் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று அவர்கள் கண்டு கொண்டது சிறிய காரியமன்று.

திருத்தணிகை மலைக்கு அருகே நின்றுகொண்டு நாதம் என்ற சொல்லை உச்சரித்துவிட்டு, முத்துஸ்வாமி தீக்ஷிதரை நினையாமல் அப்பால் செல்ல முடியாது. இம்மலையில்தான் ஒரு முதியவர் வடிவில் முருகன் வந்து அவர் நாவில் கற்கண்டை இட்டதாகவும், அப்போது மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி’ என்ற அவருடைய முதல் கிருதி பிறந்ததாகவும் மரபு சொல்கிறது. சங்கீத சாஸ்திரம் நாதத்தை ஆகதம், அநாகதம் என்று இரண்டாக்கும்: தட்டுவதால், மீட்டுவதால், ஊதுவதால் பிறப்பது ஆகதம், தாக்குதலின்றித் தானே ஒலிப்பது அநாகதம். காதுகளைப் பொத்திக்கொண்டு தியானத்தில் அமரும் யோகிக்கு முதலில் கடலும் முரசும், பிறகு மணியும் சங்கும், இறுதியில் குழலும் வண்டின் ரீங்காரமும் கேட்கும் என்று ஹடயோக நூல்கள் வரிசைப்படுத்துகின்றன. வைத்தியனுடைய பட்டியலும் யோகியினுடைய பட்டியலும் இவ்வளவு ஒத்திருப்பதைக் கண்டு, இரைச்சலோடு வருகிறவர்களில் சிலர், “இது தெய்விக ஒலியோ?” என்று கேட்பதுண்டு. நான் அதற்கு விடை சொல்வதில்லை. தூக்கம் கெடுகிறதா, காது மந்தமாகிறதா என்று மட்டும் கேட்பேன்; கெடுகிறது என்றால் மேஜைக்கு அருகே வரச் சொல்வேன்.

வந்தவரிடம் முதலாவதாகத் தெளிந்துகொள்ள வேண்டியது, அந்த ஓசை உண்மையாகவே உடம்புக்குள் எழும் ஓர் ஓசையா அல்லவா என்பது. சிலருக்கு அது உண்மையான ஓசைதான். நாடியோடு சேர்ந்து ‘டப் டப்’ என்று அடிப்பதாகச் சொல்பவரை, கேட்கக் கேட்க விரலால் மேஜையைத் தட்டும்படி சொல்லிவிட்டு, மறுகையின் நாடியை நான் பிடித்துப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப் போனால், செவிக்கு அருகே ஓடும் இரத்தக் குழாயின் சலசலப்பு அது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரத்தம் நீர்த்துப்போன சோகை, தைராய்டு சுரப்பியின் மிகுதி, கழுத்துத் தமனியின் குறுக்கம், நடுச்செவியில் இரத்தக் குழாய்கள் மண்டிய சிறு கட்டி, மூளையைச் சூழ்ந்த நீரின் அழுத்த மிகுதி என்று அதற்கான காரணங்கள் பல. அவற்றில் சோகை நம் பெண்களிடம் எவ்வளவு சாதாரணம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு சிலருக்கு அண்ணத்துத் தசையோ நடுச்செவியின் நுண்ணிய தசையோ தானே துடித்து ‘டிக் டிக்’ என்னும். கூர்ந்து கேட்டால் அடுத்தவர் காதுக்கும் அது எட்டுவதுண்டு. இவையன்றி, ஆரோக்கியமான செவியே மெல்லிய ஒலியை வெளியிடுகிறது என்ற விந்தையும் உண்டு: 1948இல் தாமஸ் கோல்டு இது கூடும் என்று யுக்தியால் சொன்னார், எவரும் செவிசாய்க்கவில்லை, முப்பது ஆண்டுகள் கழித்து, 1978இல், டேவிட் கெம்ப் என்பவர் செவித்துளையில் நுண்ணிய ஒலிவாங்கியை வைத்து அதைப் பிடித்துக் காட்டினார். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று இன்று ஆஸ்பத்திரியில் சோதிப்பது பெரும்பாலும் இந்தச் செவியொலியைக் கொண்டுதான். ஆனால் நம் நெசவாளருடைய சில்வண்டு இவற்றில் எதுவுமன்று. அதை அவர் ஒருவரே கேட்கிறார்.

இனி, செவியின் வாசலிலேயே அகப்படக்கூடிய எளிய காரணங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். குறும்பி கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டாலே இரைச்சல் வரும். அதை எடுத்ததும் போய்விடும். வெளியே தள்ளப் படைக்கப்பட்ட அந்தக் குறும்பியை, பஞ்சு சுற்றிய குச்சியால் உள்ளே இடித்து இறுக்குகிறவர்கள் நாமே. ஊக்கு, தீக்குச்சி, கோழியிறகு, சாவிக்கொத்து ஆகியவற்றால் செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வந்தவர்களை எண்ணினால் ஒரு திருவிழாக் கூட்டம் சேரும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுட விடுவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். பறையில் ஓட்டை இருக்கிற காதில் அது என்ன செய்யும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. சிறுவயதிலிருந்து சீழ் வடிந்துகொண்டேயிருக்கும் நடுச்செவி, சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகளுள் அங்கவடி இறுகி அசைய மறுக்கும் வியாதி, தாடைக் கீலின் கோளாறு, கழுத்துத் தசைகளின் பிடிப்பு ஆகியவையும் இந்த உபாதையைத் தரும். பல்லை இறுக்கிக் கடிக்கும்போது தம் ஓசையின் சுருதி ஏறுகிறதா இறங்குகிறதா என்று இரைச்சல் உள்ளவர்கள் கவனித்துப் பாருங்கள். மாறினால், காது வைத்தியரைப் போலவே பல் வைத்தியரும் உங்களுக்கு வேண்டியவர்.

மருந்துகளும் ஒரு காரணம். மலேரியாவுக்குக் கொயினா உண்ட தலைமுறை, மருந்து தலைக்கேறியதற்கு அடையாளமாகக் காதிரைச்சலைத்தான் கருதிற்று. ஆஸ்பிரின் பெரிய அளவில் உட்கொண்டால் இரைச்சல் வரும், நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காத சேதம் வேறொரு வகை: க்ஷயரோகத்தை வென்ற ஸ்ட்ரெப்டோமைசினும் அதன் இனத்தைச் சேர்ந்த ஜென்டாமைசினும் உயிரைக் காத்துவிட்டுச் செவியின் நுண்ணணுக்களை விலையாகக் கொள்வதுண்டு, தாய்வழியாக மட்டுமே வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் சில ஊசிகளே அந்தச் சேதத்துக்குப் போதும். புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் அப்படியே. இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் யாரும் தம் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட வேண்டாம். கொடுத்த வைத்தியரிடம் இரைச்சலைச் சொல்லுங்கள், அது போதும்.

ஆனால் இச்சபையில் நான் நிதானித்துப் பேச விரும்பும் காரணம் சப்தம். 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி முதன்முதலில் ஒரு முழுமையான நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமாஸ்ஸினி, பின்னர் அதை விரிவாக்கியபோது, வெனிஸ் நகரில் ஒரே பேட்டையில் கூடி நாள் முழுதும் செம்பைத் தட்டிக்கொண்டிருந்த கன்னார்கள் வயதானபின் செவிடாவதைக் குறித்து வைத்தார். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் தறி ஓட்டிய பெண்கள், பேசுவது காதில் விழாது என்பதனால், வாயை மிகையாக அசைத்து உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் ஒரு தனிப் பாஷையையே வளர்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்து கடைவீதியில் நடக்கும்போதும் அப்படியே பேசுவார்களாம். நம் தறிக்காரர்கள் அதற்குப் பதிலாகக் குரலை உயர்த்தப் பழகியிருக்கிறார்கள். தெருமுனையில் அவர்கள் சாவதானமாகப் பேசிக்கொள்வதைக் கேட்டு, சண்டை என்று நினைத்து விலக்கப் போன அயலூர்க்காரர் உண்டு.

கைத்தறியில் நாடா பாவின் ஊடே ஓடுவதும் பலகை வந்து அடிப்பதும் மனிதன் கையின் தாளத்தில் நிகழ்வன. விசைத்தறியில் அவை நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான முறை, இரும்பும் மரமும் மோதும் ஓசையோடு, பக்கத்துத் தறிகளின் ஓசையும் தகரக் கூரையில் பட்டுத் திரும்பும் ஓசையும் சேர நிகழ்வன. இத்தகைய கொட்டகைகளில் சப்தம் 90 டெசிபலைத் தாண்டி 100ஐ நெருங்குவது சாதாரணம். டெசிபல் என்ற கணக்கு ஏமாற்றும் கணக்கு. மூன்று கூடினால் சப்தத்தின் சக்தி இரட்டித்துவிடுகிறது என்பதால், 90க்கும் 100க்கும் உள்ள பேதம் பத்தன்று, பத்து மடங்கு. நாளொன்றுக்கு 8 மணி நேர உழைப்புக்கு 85க்கு மேல் ஆகாது என்று உலகில் பல நாடுகள் வரையறுத்திருக்க, நம் தொழிற்சாலை விதிகள் 90 வரை பொறுத்தன. அதுவும் மின்விசையோடு பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தையே 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொழிற்சாலை என்று எண்ணியது. நான்கு தறிகளை வீட்டின் பின்கட்டில் போட்டுக்கொண்டு, தொட்டிலும் அங்கேயே தொங்க, கணவனும் மனைவியும் மாறிமாறி ஓட்டும் நம் ஊர்க் கொட்டகைக்குள் எந்தச் சட்டமும் எட்டிப் பார்க்கவில்லை. தொட்டிலில் கிடப்பதற்கும் இரண்டு செவிகள் உண்டு என்பதை இவ்விடத்தில் நான் சொல்லியே ஆகவேண்டும்.

தறி ஓட்டாதவர்கள் நிம்மதி கொள்ள வேண்டாம். கோவில் திருவிழாவின் கூம்பு ஒலிபெருக்கிக்கு எதிரே குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்கிறவர்கள், காதோடு பொருத்திய கருவியில் நாள் முழுதும் பாட்டுக் கேட்கும் இளைஞர்கள், நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று விதித்திருக்கும் பட்டாசைக் கைக்கெட்டும் தூரத்தில் வெடிப்பவர்கள் ஆகிய எல்லோரும் ஒரே கணக்கில்தான் வருகிறார்கள். ஆடிக் கிருத்திகையில் காவடிகளோடு பம்பையும் உடுக்கையும் மலையேறும்போது எனக்கும் மெய் சிலிர்க்கும். அந்த வாத்தியக்காரர் ஒருவரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதில்லை என்பதையும் நான் பார்க்காமலிருப்பதில்லை.

சப்தம் செவியில் செய்வது என்ன? உட்செவியில் நத்தைக் கூட்டைப் போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட ஓர் எலும்புக் குழல் இருக்கிறது. நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர். அதனுள் வரிசையாக நிற்கும் உரோம அணுக்களுள் ஓசையை மூளைக்கு உரைப்பவை 3,500; அவற்றுக்கு உதவியாக ஓசையைக் கூர்மையாக்கித் தருபவை 12,000 அளவில். ஒரு காதின் முழு ஆஸ்தியும் இவ்வளவுதான். வாசலுக்கு அருகே இருப்பவை கூர்மையான ஸ்வரங்களையும், உள்ளே ஆழத்தில் இருப்பவை கனத்த ஸ்வரங்களையும், வீணையின் மெட்டுக்களைப் போலத் தத்தமக்கென்று வைத்திருக்கின்றன. பேரோசை நாள்தோறும் தாக்கத் தாக்க, கூர்மையான ஸ்வரத்தின் அணுக்கள் முதலில் சாகின்றன. பறவைகளுக்கு அவை மீண்டும் முளைக்கும், மனிதனுக்கு முளைப்பதில்லை. செவித்திறன் சோதனையில் விநாடிக்கு 4,000 அதிர்வுகளுக்கு அருகே வரைகோடு ஒரு பள்ளத்தில் விழுந்து எழுமானால், அந்த மனிதர் எங்கே வேலை செய்தார் என்று கேட்காமலே சொல்லிவிடலாம். நம் நெசவாளரின் வரைகோட்டிலும் அந்தப் பள்ளம் இருந்தது. மூன்று இடங்களில் ஓரிடத்திலும் அந்தச் சோதனை செய்யப்படவில்லை. விளக்கைப் போட்டு எட்டிப் பார்த்து, பறை நன்றாயிருப்பதைக் கண்டு, ஒன்றுமில்லை என்றிருக்கிறார்கள். பறையில் ஒன்றுமில்லைதான்.

ஆனால் அணுக்கள் செத்தால் மௌனமல்லவா மிஞ்ச வேண்டும், ஓசை எப்படி மிஞ்சும் என்று நீங்கள் கேட்கலாம். இதுவே விஷயத்தின் மர்மஸ்தானம். கையை இழந்தவனுக்கு இல்லாத கையின் விரல் வலிப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற வி.எஸ். ராமச்சந்திரன், ஒரு சாதாரணக் கண்ணாடியை நடுவே நிறுத்தி, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையாகக் காட்டியே அந்த வலியைச் சிலருக்குத் தணித்தார். வலி கையில் இல்லை, மூளையின் வரைபடத்தில் இருக்கிறது என்பதை அதைவிட எளிமையாக எவரும் காட்டியதில்லை. செவியிலும் அதுவே நடக்கிறது என்பதுதான் இன்று மிகுதியும் ஏற்கப்படும் கருத்து. தூரத்து நிலையம் மங்கலாகக் கேட்கிறதென்று வானொலியின் விசையைத் திருகிக்கொண்டே போனால், பாட்டு வருகிறதோ இல்லையோ, ‘உஸ்’ என்ற இரைச்சல் பெருகி வருமல்லவா? செவியிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்துபோனதைக் கண்ட மூளை, தன் கேட்கும் விசையைத் தானே ஏற்றிக்கொள்கிறது; நரம்புகளின் இயல்பான சலசலப்பு அப்போது ஓசையாகத் தோற்றுகிறது. எந்த ஸ்வரம் செவியில் செத்ததோ ஏறத்தாழ அந்த ஸ்வரத்திலேயே அது ஒலிக்கிறது என்பதையும், கட்டி முதலியவற்றுக்காகச் செவி நரம்பையே அறுத்தெடுத்த பின்னும் பலருக்கு இரைச்சல் நிற்பதில்லை என்பதையும் சேர்த்து யோசித்தால், ஓசையின் வாசஸ்தலம் காதன்று என்பது விளங்கும்.

சலசலப்பு எல்லோரிடமும் இருக்கிறது. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், செவிக்குறை இல்லாத எண்பது பேரை வெளியோசை புகாத அறையில் ஒவ்வொருவராக உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் ஏதோ ஓர் ஓசையை எழுதினார்கள்: வண்டு, மணி, ரீங்காரம், இரைச்சல். இங்கிருப்பவர்களில் எவரும் அந்த அறையில் ஐந்து நிமிஷம் அமர்ந்தால் இரைச்சல்காரர் ஆகிவிடலாம். தறி நின்றதும் நம் நெசவாளருக்குச் சில்வண்டு கேட்டதன் காரணமும் இதுவே. தறி அதை உண்டாக்கியதும் தறியே அதை மூடி வைத்திருந்ததும் உண்மை.

சோதனையில் வரைகோடும் நேராகவே இருந்து, இரைச்சல் மட்டும் இருக்கிறவர்கள் ஒரு பகுதியினர். இவர்களைத்தான் ‘காரணமில்லாத இரைச்சல்’ என்ற அறையில் நெடுநாள் அடைத்து வைத்திருந்தோம். மனப்பிரமை என்று சொன்ன வைத்தியர்களும் உண்டு, தொடக்க காலத்தில் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆராய்ச்சியாளர்கள் சுண்டெலிகளுக்கு இரண்டு மணி நேரம் பேரோசையைக் கேட்கவைத்துக் கவனித்தார்கள். இரண்டு வாரங்களுக்குள் அவற்றின் செவித்திறன் பழையபடி திரும்பிவிட்டது, உரோம அணுக்களும் உயிரோடிருந்தன. ஆனால் அணுவுக்கும் நரம்புக்கும் இடையிலுள்ள இணைப்புகளில் கணிசமான பகுதி அறுந்துபோய், திரும்பாமலே இருந்தது. மெல்லிய ஓசையை மட்டும் கொண்டு செய்யும் நம் சோதனை இந்தச் சேதத்தைக் காணவல்லதன்று. 2011இல் ஷேட், மக்கல்பைன் என்ற இருவர், நேரான வரைகோடும் இரைச்சலும் உள்ள மனிதர்களிடம், செவி நரம்பிலிருந்து எழும் மின் அலை பலவீனமாயிருப்பதையும், மூளைத்தண்டில் அது மீண்டும் முழு அளவுக்கு எழுவதையும் அளந்து காட்டினார்கள். மனிதரைச் சோதித்த எல்லா ஆராய்ச்சிகளும் இதை ஆமோதித்துவிடவில்லை. ஆயினும், சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லும் உரிமை எங்களுக்கு அன்றோடு போயிற்று.

இந்த உபாதைக்கு ஆளானவர்களுள் சங்கீதக்காரர்கள் பலர். பெத்தோவன் தம் முப்பதாம் வயதில், 1801இல், நண்பரான வைத்தியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், காதுகள் இரவும் பகலும் ரீங்கரிக்கின்றன என்று முறையிட்டார். செக் நாட்டு ஸ்மெதனா 1874இல் செவிப்புலனை இழந்தவர். இரண்டாண்டு கழித்துத் தம் வாழ்க்கையையே பொருளாக வைத்து நான்கு தந்திவாத்தியங்களுக்கென அவர் இயற்றிய உருப்படியின் இறுதிப் பகுதியில், எல்லாம் குதூகலமாகச் செல்லும்போது திடீரென்று வயலின் ஒரே ஒரு கூர்மையான ஸ்வரத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டே நிற்கும். தம் காதில் கேட்டதை அவர் அப்படியே எழுதி வைத்துவிட்டார். அதைக் கேட்ட பிறகுதான் என் நோயாளிகள் என்ன சொன்னார்கள் என்பது எனக்கு விளங்கிற்று.

எப்போது அஞ்ச வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காதில் மட்டும் இரைச்சல் வந்து அது மந்தமும் ஆகிக்கொண்டே போனால், செவி நரம்பில் மெல்ல வளரும் கட்டி ஒன்று இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நாடியோடு அடிக்கும் ஓசையைப் பற்றி முன்னமே சொன்னேன். தலைசுற்றலும் காது மந்தமும் இரைச்சலும் சேர்ந்து அலையலையாக வருமானால் அது 1861இல் மெனியே விவரித்த வியாதியாக இருக்கலாம். இரவு படுத்து எழும்போது ஒரு காது திடீரென்று அடைத்து இரைந்தால், சளி என்று எண்ணி ஆவி பிடித்துக்கொண்டு ஒரு மாதம் இராதீர்கள். சில நாள்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் மீளக்கூடிய செவி, தாமதித்தால் மீளாமற்போகும். இவையொன்றும் இல்லாத இரைச்சல் தொல்லையே தவிர அபாயமன்று; வளர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு அது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது.

அதை அடியோடு அழிக்கும் மாத்திரை உண்டா என்றால், இல்லை. ஜிங்கோ மரத்தின் இலைச்சத்து முதல் பலவும் விற்கிறார்கள். சோதித்துப் பார்த்த இடத்தில் பயன் தெரியவில்லை. காது மந்தமும் கூடியிருந்தால், காது கேட்கும் கருவியைப் பொருத்திக்கொள்வதே நல்ல வைத்தியம். வெளியோசை உள்ளே வரத் தொடங்கியதும் மூளை தன் விசையைச் சற்று இறக்கிக்கொள்கிறது. மற்றவர்களுக்கு, நிசப்தத்தை விலக்குவதே யுக்தி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு வைத்தியர் இத்தார்ட், ஈர விறகு சடசடவென்று எரியும் அடுப்பின் அருகே இருக்கும்படியும், நீர்ச்சக்கரம் சுழலும் ஆலையின் அருகே குடியிருக்கும்படியும் தம் நோயாளிகளுக்குச் சொன்னார். 1990இல் யாஸ்ட்ரெபாஃப் என்பவர் அதை மேலும் தெளிவாக்கினார்: ஓசை அன்று நோய், ஓசையைக் கண்டு மூளையில் எழும் அச்சமும் கோபமுமே நோய், அச்சம் அடங்கினால், ஓசை இருந்தபடியே இருக்க, கவனம் அதை விட்டு நீங்கிவிடும், சுவர்க் கடிகாரத்தின் ஓசையை நாம் மறந்திருப்பதைப் போல. சூரனோடு பொருத முருகனின் சினம் தணிந்த இடம் என்பதனால் தணிகை என்று பெயர் பெற்று, மற்றப் படைவீடுகளில் நடக்கும் சூரசம்ஹாரம் நடவாமலே இருக்கும் தலத்துக்கு அருகில் வாழ்கிறவர்களுக்கு, போர் முடிந்து எதிரி ஒழிவது ஒன்று, சினம் ஒழிவது வேறொன்று என்பதை நான் விளக்க வேண்டுவதில்லை.

நம் நெசவாளரை நான் பரிசோதித்து மூன்று மாதங்கள் ஆகின்றன. காதில் என்ன நடந்திருக்கிறது என்பதை, இங்கே உங்களிடம் சொன்னதைப் போலவே, அரைமணி நேரம் அவரிடம் சொன்னேன். ஒன்றுமில்லை என்று நான் சொல்லாததே அவருக்குப் பாதி ஆறுதலாயிற்று என்றார். தறிக்குச் செல்லும்போது காதில் செருகிக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்தேன்; முதல் வாரம் தறியின் தாளம் பிடிபடாமல் இழை அறுந்தது தெரியவில்லை என்று குறைப்பட்டார், பிறகு பழகிவிட்டது. இரவில் நிசப்தம் கூடாது, மின்விசிறியை ஓடவிட்டுத் தூங்குங்கள் என்றேன். இப்போது தூங்குகிறாராம். சில்வண்டு இருக்கிறதா என்று கேட்டால், “இருக்குது ஐயா, நீங்க கேட்டாத்தான் கேக்குது” என்கிறார்.

முறையீடு வந்தது அவரிடமிருந்தன்று, அவருடைய மனைவியிடமிருந்து. “மார்கழியிலும் விடிய விடிய ஃபேன் ஓடுது ஐயா, அவரு நல்லாத் தூங்குறாரு, எனக்கு மூணு வாரமா ஜலதோஷம்” என்று அந்த அம்மாள் சொன்னபோது, அவர்கள் பக்கத்து நியாயம் இத்தனை நாள் என் மூளைக்கு எட்டவில்லையே என்று வெட்கினேன். விசிறியைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைக்கும்படி சொல்லியிருக்கிறேன்.